ஓலையும் தாளும் சிலேட்டும்

மன்னார்குடியில் இருக்கும் என் அத்தைக்கு வயது 83. இரண்டு கண்ணிலும் புரை நீக்கியாகிவிட்டது. ஆனாலும் அச்செழுத்து எறும்பு ஊர்கிற மாதிரிதான் தெரிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். போன தீபாவளிக்குச் சென்றபோது அவளுக்காக ஒரு மின்நூல் கருவி வாங்கிக்கொண்டு போனேன். எழுத்தை வேண்டிய மட்டும் பெரிதாக்கிக்கொள்ளலாம், கையில் கனக்காது, ஓர் அலமாரிப் புத்தகம் முழுவதும் இதற்குள் அடங்கும் என்றெல்லாம் வீடு வீடாகச் சாமான் விற்க வந்தவனைப் போல எடுத்துச் சொன்னேன். அத்தை அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். முகர்ந்துகூடப் பார்த்தாள்.

"ஏண்டா தம்பி, இந்த வயசிலே சிலேட்டு வாங்கிக் கொடுத்து என்னை மறுபடி அரிச்சுவடியிலேருந்து ஆரம்பிக்கச் சொல்றியா?" என்று கேட்டாள்.

அன்று முதல் எங்கள் குடும்பத்தில் அந்தக் கருவிக்குச் சிலேட்டு என்ற பெயரே நிலைத்துவிட்டது. இந்தக் கட்டுரையிலும் அதையே வைத்துக்கொள்கிறேன். எழுதலாம், அழிக்கலாம், அழித்த சுவடு தெரியாமல் மறுபடி எழுதலாம். அத்தை அறியாமல் சொன்ன பெயர் எவ்வளவு பொருத்தம் என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

அத்தை சிலேட்டை வேண்டாம் என்று தள்ளிவிடவில்லை. அவளுக்கு அதில் ஒரு காரியம் இருந்தது. 'பொன்னியின் செல்வ'னை இன்னொரு முறை படித்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை. வீட்டில் அந்தக் கதை இல்லாமல் இல்லை. ஏழு கட்டுகளாகப் பரண்மேல் இருக்கிறது. அத்தையின் தாயார், அதாவது என் பாட்டி, கட்டி வைத்தது. 1950 அக்டோபர் 29-ஆம் தேதி 'கல்கி'யில் கதை தொடங்கியது. 1954 மே 16-இல் முடிந்தது. இந்த மூன்றரை வருஷமும் பாட்டி வாரந்தவறாமல் கதைப் பக்கங்களைக் கிழித்து, ஊசி நூலால் தைத்து, ஓர் அளவு சேர்ந்ததும் பைண்டரிடம் கொடுத்துக் காலிகோ முதுகு வைத்துக் கட்டச் செய்தாள்.

இப்படிக் கட்டிய தொடர்கதையைப் படித்தவர்களுக்கு அதன் சுகம் தெரியும். கதைத் தாளின் மறுபுறத்தில் என்ன வந்திருந்ததோ அதுவும் கூடவே வந்துவிடும். தலைவலித் தைலத்துக்கு ஒரு விளம்பரம். பாதிச் சமையல் குறிப்பு. கேள்வி மட்டும் இருந்து பதில் அடுத்த பக்கத்தோடு போய்விட்ட ஒரு சிரிப்புத் துணுக்கு. குழந்தைப் பருவத்தில் அந்தத் துணுக்குகளுக்கு நாங்களே பதில் கட்டுவோம். வந்தியத்தேவன் எந்தச் சுரங்கப்பாதையில் போய்க்கொண்டிருந்தான் என்பதை மறந்தாலும், எந்த விளம்பரத்துக்குப் பின்னால் போனான் என்பது எனக்கு இன்னமும் ஞாபகம் இருக்கிறது. மணியத்தின் சித்திரங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சித்திரத்தை எடுத்துவிட்டு அந்தக் கதையை வெறும் எழுத்தாக நினைத்துப் பார்க்கவே அத்தையால் முடிவதில்லை.

நான்காவது கட்டில் ஓரிடத்தில் மட்டும் அச்சுத் தாள் இல்லை. 1952 நவம்பர் 30-ஆம் தேதி நாகப்பட்டினத்தின் அருகே கரையேறிய புயல் தஞ்சை ஜில்லாவைப் புரட்டிப் போட்டது. தென்னையும் மாமரமும் வேரோடு சாய்ந்து கிடந்தபோது வாரப் பத்திரிகை வரவில்லை என்று யார் அழுவார்கள்? பாட்டி ஒருத்திதான் அழுதிருப்பாள். தை மாதம் திருச்சியில் இருந்த தன் தங்கை வீட்டுக்குப் போனபோது அந்த வாரத்து இதழ் கிடைத்தது. தங்கையும் பைண்டு செய்கிறவள். கிழித்துக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. கேட்கப் பாட்டிக்கும் வாய் வரவில்லை. ஆகவே பாட்டி என்ன செய்தாள் தெரியுமா? கடையில் கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கி வரச் சொல்லி, இரண்டு நாள் திண்ணையில் உட்கார்ந்து, அந்த வாரத்துக் கதை முழுவதையும் மைப்பேனாவால் எழுதிவிட்டாள். எழுதிய தாள்கள் அந்தந்த இடத்தில் கட்டுக்குள் சேர்ந்தன. கடைசித் தாளின் அடியில், "தை மீ 12-ந் தேதி எழுதி முடிந்தது. அவசரத்தில் எழுதியது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்" என்று ஒரு குறிப்பு.

பிறகு வந்த ஐந்தாம் பாகத்தில் கல்கி நாகைக் கடற்கரைக்கு ஒரு புயலைக் கொண்டுவருகிறார். அந்த அத்தியாயங்களைப் படிக்கும்போது பாட்டிக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் பல முறை யோசித்ததுண்டு.

இந்தக் கட்டுகளைப் போன தீபாவளியன்று பரணிலிருந்து இறக்கினோம். முதல் கட்டைப் பிரித்தவுடனேயே ஓரம் அப்பளம் போல நொறுங்கியது. நடுவில் பாட்டி எழுதிய நோட்டுத் தாள் மட்டும் கொஞ்சம் வெளுத்த மையோடு முழுசாக இருந்தது. அதற்குக் காரணம் இருக்கிறது. பழைய காலத்தில் காகிதத்தைக் கந்தல் துணியிலிருந்து செய்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்துதான் மரக்கூழ் புகுந்தது. மரத்தில் லிக்னின் என்று ஒரு பொருள் உண்டு. மரம் நிமிர்ந்து நிற்பதற்கு அது வேண்டும். தாளுக்கோ அது எமன். மலிவான பத்திரிகைத் தாளில் அதை நீக்காமலே விட்டுவிடுவார்கள். வெளிச்சமும் காற்றும் பட்டால் தாள் பழுப்பேறுகிறது. உள்ளே அமிலம் ஊறி நாரை அறுக்கிறது. 1780-இல் அச்சிட்ட புத்தகம் ஒன்று 1950-இல் அச்சிட்ட பத்திரிகையைக் காட்டிலும் திடகாத்திரமாக இருப்பதற்கு இதுதான் காரணம். பழைய புத்தகத்தைத் திறந்தவுடன் இலேசாக இனிப்புக் கலந்த ஒரு வாசனை வருகிறதே, நாமெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு அனுபவிக்கிறோமே, அது தாளின் நார் சிதைந்து வெளிவரும் வாசனை. சிலேட்டில் அந்த வாசனை இல்லை என்று குறைப்படுகிறவர்கள் அது நோயின் வாசனை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்த பிறகும் எனக்கு அது பிடித்துத்தான் இருக்கிறது.

பாட்டி அந்தத் திண்ணையில் உட்கார்ந்து செய்த காரியம் புதியதல்ல. தமிழில் இருக்கிற பழைய நூல்கள் அத்தனையும் அப்படித்தான் நம் கைக்கு வந்தன. இளசும் முற்றலும் இல்லாத பனையோலையாகப் பார்த்து வெட்டி, நிழலில் உலர்த்தி, வெந்நீரில் வேகவைத்து, மறுபடி உலர்த்தி, சங்கால் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். இடது கையில் ஓலை, வலது கையில் எழுத்தாணி. எழுதும்போது எழுத்துக் கண்ணுக்குத் தெரியாது; வெறும் கீறல்தான். விளக்குக் கரியும் பச்சிலைச் சாறும் சேர்த்துத் தடவித் துடைத்தால் மை கீறலுக்குள் தங்கி எழுத்துப் புலப்படும். துளையிட்டுக் கயிறு கோத்து, மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டினால் சுவடி. கடைசி ஏட்டில் எழுதினவன் தேதியைப் போடுவான். பிழையைப் பொறுக்கச் சொல்லுவான். பாட்டி சுவடி எதையும் பார்த்தவள் அல்ல. அந்த வழக்கம் எந்த வழியாக அவளிடம் வந்து சேர்ந்ததோ!

ஓலைக்கு ஒரு பெரிய சங்கடம் இருந்தது. புள்ளி வைத்தால் எழுத்தாணி ஓலையைப் பொத்துவிடும். ஆகையால் ஏடெழுதுகிறவர்கள் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் விட்டுவிடுவார்கள். 'எ' குறிலா, 'ஏ' நெடிலா என்பதையும் எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது; துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. விஷயம் முன்பே தெரிந்தவன்தான் வாசிக்க முடியும். ஏகார ஓகார நெடில்களுக்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தவர் 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவர் என்பார்கள். அச்சு எழுத்து வந்தபின் புள்ளிக்கு நல்ல காலம் பிறந்தது. ஈய எழுத்துக்குக் குத்திக் கிழிக்கும் பயம் இல்லை அல்லவா?

ஆனால் ஓலையின் பெரிய சங்கடம் புள்ளியன்று, ஆயுள்தான். நம் ஊர் வெயிலிலும் ஈரத்திலும் கரையானிலும் ஓர் ஓலைச்சுவடி முந்நூறு வருஷம் தாக்குப்பிடித்தால் அது பெரிய காரியம். சங்கப் பாட்டின் வயதோ இரண்டாயிரத்தை ஒட்டியது. அப்படியானால் எத்தனை கை மாறியிருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். தலைமுறைக்குத் தலைமுறை எவனோ ஒருவன் முதுகு வலிக்க உட்கார்ந்து பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதியிருக்கிறான். ஓரிடத்தில் அந்தச் சங்கிலி அறுந்தால் நூல் போயிற்று. எத்தனையோ நூல்களின் பெயரை உரையாசிரியர்களின் வாயிலாகக் கேள்விப்படுகிறோம், நூல் இல்லை.

டாக்டர் உ.வே. சாமிநாதையர் சுவடி தேடிக் கரிவலம்வந்தநல்லூருக்குப் போன கதையை அவருடைய சுயசரிதத்தில் படித்தவர்களுக்கு இரண்டு நாள் சோறு இறங்காது. வரகுணராம பாண்டியருடைய ஏடுகள் அங்குள்ள கோவிலைச் சேர்ந்திருக்கின்றன என்று கேட்டுப் போகிறார். கோவில் காரியஸ்தர் நடந்ததைச் சாவதானமாகச் சொல்கிறார்: பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமம் செய்துவிட வேண்டும் என்று ஆகமத்தில் இருக்கிறதாம், அப்படியே செய்துவிட்டார்களாம். விரோதத்தினால் எரித்திருந்தால் கோபிக்கலாம். பக்தியோடு எரித்திருக்கிறார்கள்! ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்ட ஏடுகளுக்கும் இதே கதிதான்.

அவருக்கே நேர்ந்த வேறொரு சம்பவமும் உண்டு. பத்துப்பாட்டை அச்சிடும் முயற்சியில் இருந்தபோது குறிஞ்சிப்பாட்டில் ஓர் இடைவெளி. தலைவியும் தோழியும் பறித்துக் குவிக்கும் பூக்களின் பட்டியலில் சில அடிகள் கிடைத்த சுவடிகளில் இல்லை. தருமபுர ஆதீனத்துக்குப் போய் அங்கிருந்த ஏடுகளைக் கிளறிக் கிளறிக் கடைசியில் அந்தப் பூக்களைக் கண்டெடுத்தார். 1889-இல் நூல் வெளிவந்தது. தருமபுரத்து ஏட்டையும் கறையான் தின்றிருந்தால் அந்தப் பூக்கள் தமிழில் பூத்தே இராது. பாட்டியின் திருச்சித் தங்கையை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தருமபுரம் ஞாபகம் வரும்.

அச்சுக்கலை நம்மிடம் வந்தது வெகு நாளைக்கு முன்பு. கொல்லத்தில் 1578-இலேயே 'தம்பிரான் வணக்கம்' என்ற 16 பக்கப் புத்தகம் தமிழ் எழுத்தில் அச்சாகிவிட்டது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு வேதாகமத்தை அச்சிட முனைந்த கதை இன்னும் சுவாரஸ்யமானது. ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் 1713-இல் வந்து சேர்ந்தன. வந்தவை மகா பெரியவை. அந்த எழுத்தில் அச்சிட்டால் தாள் கட்டுப்படியாகாது. இங்கேயே சின்ன எழுத்து வார்க்கலாம் என்றால் ஈயத்துக்கு எங்கே போவது? பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் ஈய மூடியை உருக்கி வார்த்தார்கள். அடுத்தாற்போல் தாள் பஞ்சம். அதற்காகப் பக்கத்திலுள்ள பொறையாறில் காகிதம் செய்யும் ஆலை ஒன்றை வைத்தார்கள். புதிய ஏற்பாடு 1714-15-இல் வெளிவந்தது. எழுத்துப் பெரிதாயிருக்கிறதே என்று அவர்கள் கவலைப்பட்டார்கள்; சிறிதாயிருக்கிறதே என்று என் அத்தை கவலைப்படுகிறாள். நடுவில் முந்நூறு வருஷம் போயிருக்கிறது.

பாதிரிமாருக்கும் கும்பினியாருக்குமாக இருந்த அச்சு, 1835-இல் கட்டுப்பாடு நீங்கியபின் நம்மவர் கைக்கு வந்தது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1849-இல் சென்னைக்கு வந்து அச்சியந்திரம் வாங்கிக்கொண்டு போனார். சி.வை. தாமோதரம் பிள்ளை 1881-இல் வீரசோழியத்தையும் 1887-இல் கலித்தொகையையும் பதிப்பித்தார். ஏட்டைத் தொட்டால் உதிர்கிறது, கட்டை அவிழ்த்தால் முறிகிறது என்று அவர் பட்ட பாட்டை முன்னுரையில் எழுதியிருக்கிறார். அத்தையின் கூடத்தில் உட்கார்ந்து பாட்டியின் முதல் கட்டைப் பிரித்தபோது அந்தப் பெரியவரின் சங்கடம் இன்னதென்று எனக்குப் புரிந்தது. அதே 1887-இல் சாமிநாதையரின் சீவகசிந்தாமணி, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை. இருபது வருஷத்துக்குள் ஒரு பாஷையின் முகமே மாறிவிட்டது.

பாஷை மட்டும் பழைய வார்த்தைகளை விடவில்லை. தாளில் வருகிறதை வார ஏடு, நாளேடு என்கிறோம். ஓலையின் இதழ் பத்திரிகைக்குப் பெயராயிற்று. திரையில் தெரிகிறதையும் 'பக்கம்' என்றே சொல்கிறோம். புரட்டுகிறோம் என்றும் சொல்கிறோம். புரட்ட அங்கே என்ன இருக்கிறது?

அச்சு செய்த உபகாரத்தில் ஒரு சின்ன அபகாரமும் ஒளிந்திருந்தது. ஒரே நாளில் ஐந்நூறு, ஆயிரம் பிரதிகள் வெளிவந்தவுடன், இனி நூல் அழியாது என்ற தைரியம் வந்துவிட்டது. ஓலையை வைத்திருந்தவன் அது செல்லரிக்கும் என்று தெரிந்தே வைத்திருந்தான். ஆகவே பிரதி செய்தான். தாளை வைத்திருந்த நாம் பிரதி செய்வதை விட்டோம். புத்தகத்தை அலமாரியில் அடுக்கிப் பூட்டிச் சாவியையும் தொலைத்தோம்.

1981-இல் மே மாதம் முடிந்து ஜூன் பிறக்கிற இரவில் யாழ்ப்பாணம் பொது நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். ஏறக்குறைய 97,000 புத்தகங்கள் சாம்பலாயின. அவற்றில் வேறெங்கும் பிரதி இல்லாத ஓலைச்சுவடிகளும் பழைய பத்திரிகைகளும் இருந்தன. நெருப்பு ஓலையென்றும் தாளென்றும் பார்க்கவில்லை. கட்டடத்தைப் பிற்காலத்தில் திரும்பவும் கட்டிவிட்டார்கள். ஒரே பிரதியாக இருந்து எரிந்ததை யார் கட்ட முடியும்?

இந்தப் பக்கத்தில், செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்று ஒருவர் இருந்தார். புத்தகம், பத்திரிகை என்பதோடு நிற்காமல், நாடக நோட்டீசு, கல்யாணப் பத்திரிகை என்று பிறர் குப்பையில் எறிவதையெல்லாம் சேர்த்தார். ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படி சேர்ந்தது. 1992-இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை விலைக்கு வாங்கியது. 1994-இல் அவர் பெயராலேயே சென்னையில் ஆராய்ச்சி நூலகம் ஏற்பட்டது. தாள் பொடியாகுமுன் அவற்றைப் படச்சுருளில் ஏற்றும் வேலை அங்கே நடந்தது. ஏடெழுதுகிறவன் மறுபடி பிறந்துவிட்டான். எழுத்தாணிக்குப் பதில் கையில் காமிரா.

சிலேட்டின் தமிழ்ச் சரித்திரமும் ஏடெழுதுகிறவர்களிடமிருந்துதான் ஆரம்பிக்கிறது. 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் என்ற விஞ்ஞானியின் முயற்சியால் மதுரைத் திட்டம் தொடங்கியது. பல தேசங்களில் சிதறிக் கிடந்த தமிழர்கள் அலுவலகம் முடிந்து வீட்டுக்கு வந்து, பழைய நூல்களை எழுத்தெழுத்தாகக் கணிப்பொறியில் அடித்தார்கள். ஒருவர் அடித்ததை இன்னொருவர் பிழை திருத்தினார். யாரும் சம்பளம் வாங்கவில்லை. 2005-இல் ஈழத்து நூல்களுக்காக நூலகம் என்ற மின்னூலகம் எழுந்தது. எரிந்த ஊரிலிருந்துதானே அந்தக் கவலை வர முடியும்!

புள்ளியின் கஷ்டகாலம் மட்டும் திரும்பி வந்தது. ஆரம்ப நாளில் ஆளுக்கொரு எழுத்துமுறை. ஒருவர் அடித்ததை இன்னொருவர் திறந்தால் தமிழுக்குப் பதில் கிறுக்கல். பொது முறை ஏற்பட்ட பிறகும் பல கருவிகளில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், புள்ளி அந்தரத்தில் என்று நின்றன. நான் முதன்முதலில் வாங்கிய கருவியில் தமிழுக்குப் பதிலாக வரிசை வரிசையாகக் கட்டங்கள் தெரிந்தன. பல்லாங்குழி ஆடலாம், படிக்க முடியாது.

இப்போது அந்தக் குறை தீர்ந்துவிட்டது. சிலேட்டின் உள்ளே இருப்பது வினோதமான மை. தலைமயிர்ப் பருமனில் லட்சக்கணக்கான குமிழிகள். ஒவ்வொன்றிலும் கறுப்பும் வெள்ளையுமாகத் துகள்கள். மின்சாரம் தூண்டுகிறபடி கறுப்பு மேலே வந்தால் எழுத்து. வெள்ளை வந்தால் தாள். ஒரு முறை எழுத்துத் தெரிந்துவிட்டால் அதை வைத்திருக்க மின்சாரம் வேண்டியதில்லை. டெலிவிஷன் மாதிரிக் கண்ணைக் குத்தாது. வெயிலிலும் படிக்கலாம். ஓலைக் கீறலில் தடவிய மை ஞாபகத்துக்கு வருகிறதா?

இத்தனை நன்மை இருந்தும் எனக்கு மனக்குறை எங்கே என்றால், சிலேட்டில் உள்ள புத்தகம் யாருடையது என்பதில்தான். இந்த மின்மையோடு 2004-இல் ஜப்பானில் ஸோனி கம்பெனி விற்ற முதல் கருவியில், காசு கொடுத்து வாங்கிய புத்தகம் 60 நாளில் காலாவதியாகிவிடும்! தயிர்தான் அப்படிக் கேள்விப்பட்டிருக்கிறோம். 2007 நவம்பரில் அமேஸான் கம்பெனியார் கிண்டிலை வெளியிட்டார்கள். 2009 ஜூலையில் ஒரு காரியம் நடந்தது. ஜார்ஜ் ஆர்வெலின் இரண்டு நாவல்களைப் பதிப்புரிமை இல்லாத ஒருவர் அந்தக் கடை மூலம் விற்றுவிட்டார். விஷயம் தெரிந்ததும் கம்பெனியார் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வாங்கினவர்களின் கருவிக்குள் இருந்த பிரதிகளைத் தங்கள் இடத்தில் இருந்தபடியே அழித்துவிட்டார்கள். அழிந்த நாவல்களில் ஒன்று, பழைய பத்திரிகைகளை அழித்துச் சரித்திரத்தையே திருத்தி எழுதும் ஓர் அரசாங்கத்தைப் பற்றியது. நாவலாசிரியன் இப்படி ஒரு சம்பவத்தைக் கற்பனை செய்து எழுதினால் மிகைப்படுத்திவிட்டான் என்பார்கள். பள்ளி மாணவன் ஒருவன் அந்த நாவலில் எழுதி வைத்திருந்த குறிப்புகள் புத்தகத்தோடு பயனற்றுப் போயின, வழக்குப் போட்டான். கம்பெனித் தலைவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். 2019-இல் மைக்ரோஸாப்ட் கம்பெனியார் தங்கள் மின்புத்தகக் கடையை மூடியபோது, விற்ற புத்தகங்களும் மறைந்தன. பணம் திரும்பி வந்தது. ஓரத்தில் குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்கு 25 டாலர் கூடுதலாகக் கொடுத்தார்கள். குறிப்புக்கு விலை போட்ட தராசு எதுவோ!

சிலேட்டுப் புத்தகத்தை நாம் வாங்குவதாகச் சொல்வது உபசாரம். படிக்க அனுமதி வாங்குகிறோம், அவ்வளவுதான். தங்கைக்கு இரவல் கொடுக்க முடியாது. பிரதி செய்தால் குற்றம். கரையான் இல்லை, ஆனால் கருவி ஐந்தாறு வருஷத்தில் செத்துவிடும். கோப்பின் முறை மாறிவிடும். ஓலையைக் காட்டிலும் அடிக்கடி பிரதி செய்யவேண்டிய பண்டம் அது. பிரதி செய்யக் கூடாது என்ற தடையும் அதற்குத்தான்!

இதைச் சொல்லும்போது என் மனசாட்சி உறுத்தவும் செய்கிறது. என்னுடைய நாவல்களும் அப்படித்தான் விற்கின்றன. தடை இருப்பதால்தான் எனக்கு நாலு காசு வருகிறது. கல்கியின் எழுத்துகளை அரசாங்கம் நாட்டுடைமையாக்கியதால் 'பொன்னியின் செல்வ'னை யாரும் பிரதி செய்யலாம். மதுரைத் திட்டத்திலேயே இருக்கிறது. என் நாவலை எந்தப் பாட்டியாவது திண்ணையில் உட்கார்ந்து எழுதுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எழுதினால் வழக்குப் போடமாட்டேன்.

அத்தை பத்து நாளில் சிலேட்டில் முதல் பாகத்தை முடித்துவிட்டாள். விரல் நுனி அளவு எழுத்து வைத்துக்கொண்டு விடிய விடியப் படித்ததாகக் கேள்வி. டெலிபோனில் கூப்பிட்டு ஒரே ஒரு குறை சொன்னாள்.

"எல்லாம் நன்னாத்தான் இருக்கு தம்பி. ஆனா இதிலே அம்மா எழுதினது இல்லையே?"

எப்படி இருக்கும்?

பொங்கலுக்குப் போனபோது அதற்கென்று நாலு நாள் கூடுதலாகத் தங்கினேன். தாழ்வாரத்தில் காலை வெளிச்சத்தில் நான்காவது கட்டைப் பிரித்து வைத்து, தாளின்மேல் கண்ணாடிப் பலகையை மெதுவாகச் சாய்த்து, ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்தேன். விளம்பரம், துணுக்கு, சித்திரம், பாட்டியின் நோட்டுத் தாள் எல்லாவற்றையும். புரட்டப் புரட்ட ஓரம் உதிர்ந்தது. உதிர்ந்த பொடியை அத்தை ஒரு தபால் உறையில் போட்டு வைத்துக்கொண்டாள்; எதற்கு என்று நான் கேட்கவில்லை. சில தாள்கள் படம் எடுத்தவுடன் இரண்டாக முறிந்தன. எடுத்த படங்களை மூன்று இடங்களில் பத்திரப்படுத்தினேன். நாலைந்து வருஷத்துக்கொரு தரம் வேறிடத்துக்கு மாற்றியாக வேண்டும். என் பெண்ணிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். "சரிப்பா" என்று சொல்லியிருக்கிறாள்.

நோட்டுத் தாள்களைச் சிலேட்டில் ஏற்றிக் கொடுத்தேன். பக்கம் முழுவதும் ஒருங்கே தெரியாது; பெரிதாக்கினால் ஒரு வரிக்கு நாலு வார்த்தைதான் தெரியும். தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டும். அத்தை அலுத்துக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலம் அம்மாவின் எழுத்தைக் கொஞ்சம் படிப்பாள்; பிறகு அச்செழுத்தில் அதே இடத்தைத் தேடிக் கொஞ்சம் படிப்பாள். இப்படியே மாற்றி மாற்றி விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிட்டது.

"டேய் தம்பி, இங்கே வா. அம்மா ஒரு வரியை விட்டுட்டா!"

போய்ப் பார்த்தேன். உண்மைதான். 'என்றாள்' என்று முடியும் வரிகள் இரண்டு அடுத்தடுத்து வருகின்றன. கண் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவி, நடுவில் இருந்தது போய்விட்டது. ஏடெழுதினவர்களுக்கும் இதே இடத்தில்தான் சறுக்கும் என்று சொன்னேன். வேண்டுமானால் விட்ட வரியை அந்தப் படத்தின் ஓரத்திலேயே சேர்த்துவிடலாம், ஒரு நிமிஷ வேலை என்றும் சொன்னேன்.

அத்தை சிலேட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"நீ அதிலே கை வைக்காதே. பொறுத்துக்கோன்னு கீழே எழுதித்தானே வச்சிருக்கா?"